பனி உருகினால் ஆற்றில் தண்ணீர் கூடத்தானே வேண்டும்?

மூதூர்ப் பக்கமிருந்து, உயர்தரத்தில் புவியியல் படிக்கிற தம்பி ஒருவர் மூன்று சந்தேகம் கேட்டிருக்கிறார். உலகம் சூடாகி மலைப் பனி உருகினால் ஆற்றில் தண்ணீர் கூடத்தானே வேண்டும், பிறகு ஏன் ஆறு வற்றும் என்று எழுதுகிறார்கள்? 2035-இல் இமயமலைப் பனி முழுக்கப் போய்விடும், கங்கை காய்ந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது உண்மையா? பனியே விழாத திருகோணமலையில் இருக்கிற எங்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

நான் நீர்ப்பாசன வேலையில் 27 வருடம் இருந்தவன், அதனால் எனக்குத் தெரிந்த வழியிலேயே சொல்கிறேன், கொஞ்சம் நீளும். முதல் கேள்வியில் தம்பி நினைப்பது பிழையில்லை, பாதி சரி. உருகினால் கூடும். எந்த மாதத்தில் கூடும், எத்தனை வருடத்துக்குக் கூடும், வயலுக்குத் தேவைப்படுகிற நேரத்தில் அது ஆற்றில் நிற்குமா என்பதெல்லாம் மற்றப் பாதி. அந்த மற்றப் பாதியில்தான் பிரச்சினை முழுவதும் இருக்கிறது.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம், ஏனென்றால் தமிழில் பனி என்ற ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் போடுகிறோம். மார்கழி விடியலில் கன்னியாப் பக்கம் போகும்போது புல்லில் முத்து முத்தாக நிற்பதும் பனிதான். தை மாதத்தில் நுவரெலியாவில் வெள்ளையாகப் படிந்து, வெயில் ஏறக் காணாமல் போவதும் பனிதான். இரண்டாலும் ஆற்றுக்கு ஒன்றும் சேராது. நாங்கள் பேசப்போவது வெண்பனியையும் பனியாற்றையும். வெண்பனி குளிர்காலம் முழுக்க வானத்திலிருந்து விழுந்து, மாதக்கணக்கில் மலையில் குவிந்து கிடப்பது, கோடை வரக் கரைந்து முடிந்துவிடும். பனியாறு என்றால் பல நூறு வருடத்து வெண்பனி ஒன்றன்மேல் ஒன்று அழுத்தி ஐஸாகி, தன் பாரத்திலேயே மெல்ல மெல்லக் கீழே நகர்வது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் செய்திகளில் பாதி பிழையாக வருகிறது.

இப்போது கந்தளாய்க் குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு மழை ஐப்பசியில் தொடங்கித் தையோடு ஓய்ந்துவிடும். கச்சான் அடிக்கிற ஆனி, ஆடியில் வானத்தைப் பார்த்தால் கண்தான் கூசும். ஆனாலும் சிறுபோகம் விளைகிறது. மாரியில் வந்த தண்ணீரும் மலைநாட்டிலிருந்து கால்வாய் வழியாக வருகிற தண்ணீரும் குளத்தில் நிற்கிறது, துருசைத் திறந்து கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறோம். மழை பெய்கிற காலத்துக்கும் பயிருக்குத் தண்ணீர் வேண்டிய காலத்துக்கும் இடையில் பல மாதம் இருக்கிறது, அந்த மாதங்களைக் குளம்தான் கடந்து கொடுக்கிறது.

வெண்பனி செய்கிற வேலையும் இதேதான். குளிர்காலத்தில் விழுவது ஓடிப்போகாமல் மலையில் நிற்கிறது, சித்திரை தொடக்கம் ஆடி வரை மெல்ல இறங்குகிறது, சரியாகக் கீழே பயிர் நிற்கிற காலத்தில். கட்டு இல்லை, துருசு இல்லை, காவலாளி இல்லை. யாரும் காசு போட்டுக் கட்டாத குளம். சிந்து, கொலராடோ, ரைன், போ, அமு தரியா என்று எத்தனையோ ஆறுகளின் ஓரத்தில் மனிதர் ஊர் கட்டியதும் வாய்க்கால் வெட்டியதும் அந்தக் குளத்தை நம்பித்தான்.

எங்கள் ஊரில் சிறுபோகம் தொடங்க முதல் ஆரம்பக் கூட்டம் வைப்பார்கள். வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுகிற வட்டைவிதானைமார் எல்லாரும் வந்து இருப்பார்கள், சத்தம் காதைப் பிளக்கும், ஆனால் குளத்தில் எத்தனை ஏக்கர் அடி (ஒரு ஏக்கர் நிலத்தை ஒரு அடி உயரத்துக்கு மூடுகிற தண்ணீர்தான் ஒரு ஏக்கர் அடி) நிற்கிறது என்று அதிகாரி வாசிக்கத் தொடங்கியதும் சபை அடங்கிவிடும். அந்த ஒரு எண்ணை வைத்துத்தான் எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்தத் தேதியில் தண்ணீர் திறக்கலாம் என்று முடிவாகும். கலிபோர்னியாவிலும் அப்படி ஒரு எண் இருக்கிறது. அங்கே ஏப்ரல் 1 வாக்கில் சியரா நெவாடா மலையில் பனியை அளப்பார்கள். நீளமான அலுமினியக் குழாய் ஒன்றைப் பனிக்குள் நிலம் தட்டும்வரை இறக்கி, உள்ளே அடைந்த பனியோடு வெளியே இழுத்து, குழாயைத் தராசில் தொங்கவிட்டு நிறுப்பார்கள். உயரத்தை மட்டும் அளந்தால் ஏமாந்துபோவோம், ஏனென்றால் புதிதாக விழுந்த பனி 10 அங்குலம் உருகினால் கிடைப்பது ஏறக்குறைய 1 அங்குலத் தண்ணீர்தான். எடைதான் உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று சொல்லும். இந்தக் குழாய் முறையை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பக்கத்து நெவாடா மாநிலத்தில் உருவாக்கிய ஜேம்ஸ் சேர்ச் பொறியியலாளர் இல்லை, லத்தீன் மொழி படிப்பித்த பேராசிரியர். அந்த ஆளை எனக்கு நிரம்பப் பிடிக்கும்.

2015 ஏப்ரல் 1 அன்று அந்த மாநில ஆளுநர் ஜெரி பிரவுன் பனி அளக்கப் போன இடத்தில் நின்றது காய்ந்த புல்லின்மேல். மலைத்தொடர் முழுக்கச் சேர்த்தும் சராசரியில் 5% அளவுதான் பனி. நகரங்களில் தண்ணீர்ப் பாவனையை 25% குறைக்கவேண்டும் என்று அங்கேயே கட்டளை போட்டார். ஆனால் 2023-இல் அதே மலையில் சராசரியைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் பனி. ஆகவே ஒவ்வொரு வருடமும் படிப்படியாகக் குறைந்துகொண்டு போகும் என்று நினைக்காதீர்கள். ஏற்ற இறக்கம் பயங்கரமாக இருக்கும், போக்கு மட்டும் கீழ்நோக்கி இருக்கும். மேற்கு அமெரிக்காவில் ஏப்ரல் 1-இல் மலையில் நிற்கிற பனித் தண்ணீர் 1950-களிலிருந்து 15 முதல் 30% வரை குறைந்திருக்கிறது என்று அளவீடுகள் காட்டுகின்றன.

சரி, வெப்பம் கூடினால் இந்தக் குளத்துக்கு என்ன நடக்கிறது? முதலாவது, குளமே சிறுத்துப்போகிறது. மலையில் 1000 மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஏறக்குறைய 6.5 பாகை குறையும். அப்படியென்றால் உலகம் 1 பாகை சூடானால், மழைக்கும் பனிக்கும் இடையிலான எல்லைக்கோடு 150 மீற்றர் அளவில் மேலே ஏறிவிடும். நேற்றுவரை பனி விழுந்த அந்த 150 மீற்றர் பட்டை முழுவதும் இன்று மழை பெய்கிறது. மழை நிற்காது, அன்றைக்கே ஆற்றில் இறங்கிவிடும். மொத்தமாக வானத்திலிருந்து விழுந்தது ஒரு துளி குறையாவிட்டாலும், குளத்துக்குள் போனது குறைந்துவிட்டது. எல்லா மலைக்கும் இது ஒரே மாதிரி இல்லை. லடாக் உச்சி மாதிரி கடுங்குளிர் இடத்தில் 1 பாகை ஏறினாலும் பனி பனியாகத்தான் விழும். குளிர்காலம் முழுக்கப் பூச்சியத்துக்குப் பக்கத்தில் ஊசலாடுகிற மலைகள்தான் முதலில் அடிபடும்.

இரண்டாவது, துருசு முந்தித் திறக்கிறது. நாங்கள் பங்குனி, சித்திரையில் திறக்கவேண்டிய துருசை யாரோ மாசியிலேயே திறந்துவிட்டால் எப்படி இருக்கும்? வயல் உழவும் இல்லை, விதைப்பும் இல்லை, தண்ணீர் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கும். மேற்கு வட அமெரிக்காவில் வெண்பனி உருகிப் பாய்கிற ஆறுகள் பலவற்றில், 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியோடு பார்க்கும்போது, நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே வசந்தகால வெள்ளம் 1 முதல் 4 கிழமை முந்திவிட்டது. 4 கிழமை என்பது பயிர்க்காரனுக்குச் சின்ன விஷயமா? எங்களிடம் ஒரு தண்ணீர் முறை பத்து நாள் பிந்தினாலே கதிர் பதராகிவிடும்.

மூன்றாவதைப் பலர் சொல்வதில்லை, எனக்கு இதுதான் மிக முக்கியமாகப் படுகிறது. மொத்தத் தண்ணீரே குறைகிறது. அதற்கான காரணத்தை வீட்டில் செய்து பார்க்கலாம். திருக்கடலூர்க் கரையில் வாடிகளுக்கு ஐஸ் இறங்கும்போது ஒரே அளவாக இரண்டு கட்டி கேட்டு வாங்குங்கள். ஒன்றின்மேல் அடுப்புக்கரித் தூளை மெல்லியதாகத் தூவி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வெயிலில் வையுங்கள். கரி கிடக்கிற இடமெல்லாம் ஊசி குத்தினது போலச் சிறு குழி விழும், அந்தக் கட்டி முந்திக் கரையும். புதுப் பனி தன்மேல் விழுகிற வெயிலில் 80%-க்கு மேல் திருப்பி அனுப்பிவிடும், கறுத்த மண் பெரும்பகுதியைக் குடித்துவிடும். வாகனப் புகை, செங்கல் சூளைப் புகை, வயல் எரிக்கிற கரி எல்லாம் காற்றில் போய் மலையில் படிவது ஒருபக்கம். மற்றப் பக்கம், பனி முந்திப் போனதும் கீழே உள்ள நிலம் வெளியே வருகிறது, வெயிலைக் குடிக்கிறது, மண்ணும் மரமும் கூடுதலாகத் தண்ணீரை ஆவியாக்குகின்றன. மேற்கு அமெரிக்காவின் கொலராடோ ஆற்றைப் பற்றி 2020-இல் வந்த ஆய்வு ஒன்று, ஒவ்வொரு 1 பாகை உயர்வுக்கும் ஆற்றின் ஓட்டம் 9% அளவில் குறைகிறது, முக்கிய காரணம் பனி போய் நிலம் கறுப்பதுதான் என்று காட்டியது. அந்த ஆற்றை நம்பி ஏறக்குறைய 4 கோடிப் பேர் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் வரலாற்றில் முதல்முறையாக அந்த ஆற்றுக்குத் தண்ணீர்ப் பற்றாக்குறை என்று அரசாங்கமே அறிவித்தது. மழை குறைந்தது பாதிக் கதைதான், வெப்பம் கூடியது மற்றப் பாதி.

வெள்ளமும் இதற்குள்ளேதான் வரும். பனி குவிந்த மலையில் சூடான மழை பெய்தால் மழைத்தண்ணீரும் உருகிய தண்ணீரும் ஒரே நாளில் இறங்கும். 2017 பெப்ரவரியில் கலிபோர்னியாவின் ஓரோவில் அணைக்கு மேலே இப்படித்தான் நடந்தது. மேலதிகத் தண்ணீர் வழிந்து போகிற பிரதான வான்பகுதியின் கொங்கிறீற் உடைந்து, அவசர வானும் அரிக்கத் தொடங்கி, 188,000 பேர் அளவில் வீட்டை விட்டு ஓடவேண்டி வந்தது. அணைக்காரனுக்கு இது இரண்டு பக்கமும் இடி. வெள்ளத்துக்காகக் குளத்தை வெறுமையாக வைத்திருந்தால் கோடைக்குத் தண்ணீர் இல்லை, கோடைக்காக நிரப்பினால் வெள்ளம் வரும்போது இடம் இல்லை. முன்பு இந்தச் சங்கடத்தை மலையில் நின்ற பனி தீர்த்து வைத்தது.

இப்போது பனியாறு. வெண்பனி ஒவ்வொரு வருடமும் வந்து போகிற சம்பளம் என்றால் பனியாறு வங்கியில் போட்ட நிலையான வைப்பு. நல்ல வருடத்தில் கொஞ்சம் சேரும், வறட்சி வருடத்தில் கொஞ்சம் எடுப்போம், முதல் அப்படியே கிடக்கும். இப்போது நடப்பது முதலையே எடுத்துச் செலவழிப்பது. எடுக்கிற வருடங்களில் கையில் காசு கூடத்தான் இருக்கும்! தம்பி கேட்ட "தண்ணீர் கூடத்தானே வேண்டும்" என்பது இந்தக் கட்டம். பனியாறு சுருங்கச் சுருங்க, உருகுவதற்கு மேற்பரப்பே குறைந்துவிடும், ஒரு கட்டத்தில் ஆற்றுக்கு வருகிற தண்ணீர் உச்சம் தொட்டுப் பிறகு இறங்கத் தொடங்கும். உலகத்தின் 56 பெரிய பனியாற்றுப் படுகைகளை எடுத்துப் பார்த்த 2018 ஆய்வில், ஏறக்குறைய பாதிப் படுகைகள் அந்த உச்சத்தை ஏற்கெனவே கடந்துவிட்டன. இமயமலையின் பெரிய ஆறுகளுக்கு அந்த உச்சம் இந்த நூற்றாண்டின் நடுப்பகுதி வாக்கில் வரலாம் என்று கணக்கு. சுவிற்சர்லாந்துப் பனியாறுகள் 2022, 2023 ஆகிய இரண்டே வருடத்தில் தங்கள் கனவளவில் 10% இழந்தன. இரண்டு கோடை, பத்தில் ஒன்று போய்விட்டது.

2035 கதைக்கு வருகிறேன். அது காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு 2007-இல் வெளியிட்ட அறிக்கையில் இருந்த பிழையான வரி. 2010 தொடக்கத்தில் அவர்களே பிழை என்று ஏற்றுத் திருத்திவிட்டார்கள். திருத்தியது யாருக்கும் போய்ச் சேரவில்லை, பிழை மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்காக நிம்மதியாக இருக்கலாம் என்றும் இல்லை. காத்மண்டுவில் இருக்கிற ஈசிமோட் என்ற மலைப்பிரதேச ஆய்வு நிறுவனம் 2023-இல் சொன்னது இது: இந்துகுஷ் இமயமலைப் பனியாறுகள் 2011 முதல் 2020 வரை, அதற்கு முந்திய பத்து வருடத்தைவிட 65% வேகமாகக் கரைந்தன. உலகத்தைச் சூடாக்குகிற புகை இப்படியே போனால் நூற்றாண்டு முடிவுக்குள் இன்றைய கனவளவில் 80% வரை போகலாம். உண்மையே இவ்வளவு கடுமையாக இருக்கும்போது பொய்த் தேதி எதற்கு?

கங்கை காய்ந்துவிடும் என்பதும் அப்படித்தான். கங்கை மழையாறு. அதன் மேற்படுகையிலேயே ஓட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவில் மழையால் வருவது, பனியும் பனியாறும் சேர்ந்து ஐந்தில் ஒன்று அளவுதான். சிந்துவின் கதை வேறு. மேல்சிந்துப் படுகையில் பனியாற்று உருகல் மட்டும் 40% அளவு, வெண்பனி 20%-க்குக் கொஞ்சம் மேல். பருவமழை அங்கே போய்ச் சேரும்போது களைத்துவிடும், பஞ்சாபையும் சிந்து மாகாணத்தையும் வாழவைக்கிற வாய்க்கால்களுக்குத் தண்ணீர் கொடுப்பது மலைதான். ஆகவே இமயமலை ஆறு என்று ஒரே பெயரில் எல்லாவற்றையும் எழுதினால் பரீட்சையிலும் புள்ளி போகும். எந்த ஆறு, படுகையின் எந்தப் பகுதி, எந்த மாதம் என்று கேளுங்கள். கங்கைக்கும் மழையில்லாத சித்திரை, வைகாசியில் உருகுகிற தண்ணீரின் பங்கு பெரிது, வருடச் சராசரி அதை மறைத்துவிடும்.

பனியாறு பின்வாங்கும்போது அது முன்பு தள்ளிக் குவித்த கல்லும் மண்ணும் கட்டு மாதிரி நிற்க, பின்னால் தண்ணீர் தேங்கி ஏரியாகும். யாரும் அடித்து இறுக்காத கட்டு. 2023 ஒக்ரோபர் தொடக்கத்தில் சிக்கிமில் தென் லோனாக் ஏரி அப்படி உடைந்து, தீஸ்தா ஆற்றில் இறங்கி, சுங்தாங்கில் இருந்த பெரிய நீர்மின் அணையையே அடித்துக்கொண்டு போனது. 1986 ஏப்ரல் 20 விடியற்காலையில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்ததை நினைவில் வைத்திருக்கிற ஆட்கள் எங்கள் மாவட்டத்தில் இன்னும் இருக்கிறார்கள். கட்டு உடைந்த தண்ணீர் எப்படி வரும் என்று அவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

இதற்கு மனிதர் என்ன செய்கிறார்கள் என்றும் சொல்லவேண்டும். லடாக்கில் லே நகரத்தில் வருடம் முழுக்கப் பெய்வதே 100 மில்லிமீற்றர் அளவு, எங்களுக்குக் கார்த்திகையில் ஒரே நாளில் அது பெய்துவிடும். அங்கே பார்லி விதைக்கத் தண்ணீர் வேண்டியது சித்திரையில், உயரத்தில் இருக்கிற பனியாறு உருகி வருவதோ ஆனிக்குப் பிறகு. செவாங் நோர்பெல் என்ற பொறியியலாளர், குளிர்காலத்தில் வீணாக ஓடுகிற தண்ணீரைச் சின்னச் சின்னக் கல்லணை போட்டு, நிழலான பள்ளங்களில் மெதுவாகப் பரவவிட்டு உறையவைத்தார். ஊருக்குப் பக்கத்தில், தாழ்வான இடத்தில் கிடக்கிற ஐஸ் முந்தி உருகும், விதைப்புக்குக் கைகொடுக்கும். பிறகு சோனம் வாங்சுக் என்ற இன்னொரு லடாக்காரர் அதையே கூம்பாக்கினார். மேலே ஓடையிலிருந்து குழாய் இறக்கினால் உயர வித்தியாசத்தின் அழுத்தத்திலேயே தண்ணீர் பீச்சியடிக்கும், பம்பி வேண்டாம். கடுங்குளிர் இரவில் அது விழுந்துகொண்டே உறைந்து, கோபுரம் மாதிரி வளரும். கூம்பு எதற்கென்றால், ஐஸ் நிறைய, வெயில் படுகிற மேற்பரப்பு கொஞ்சம். வாடியில் ஐஸை உடைக்காமல் பெரிய கட்டியாகவே ரெஜிபோம் பெட்டியில் வைத்தால் ஏன் அதிக நேரம் நிற்கிறது என்று மீன்காரரைக் கேளுங்கள், அதே கணக்கைச் சொல்வார். ஆனால் இது ஒரு ஊரின் சில வயலுக்குப் போதும், சிந்துவுக்குப் போதாது. பெரிய ஆற்றுக்கு அணைகளின் திறப்புத் தேதியை மாற்றவேண்டும், நிலத்தடியில் தண்ணீரைச் சேர்க்கவேண்டும், பயிரையும் விதைக்கிற நாளையும் மாற்றவேண்டும். புகை குறையாமல் இவை எதுவும் நீண்ட நாளைக்குத் தாங்காது என்பது என் எண்ணம்.

கடைசிக் கேள்வி, எங்களுக்கு என்ன? மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி வந்து மூதூருக்குப் பக்கத்தில் கொட்டியாரக் குடாவில் விழுகிறது, அதில் ஒரு துளி கூடப் பனித்தண்ணீர் இல்லை, எல்லாம் மழை. ஆனால் தம்பியின் வீட்டுச் சமையலறையைப் பாருங்கள். பாகிஸ்தானிலிருந்து வருகிற உருளைக்கிழங்கும் பெரிய வெங்காயமும் பஸ்மதியும் பெரும்பாலும் சிந்துத் தண்ணீர் பாய்கிற நிலத்திலிருந்துதான் வருகின்றன. அங்கே மலைக்குளம் முந்தி வடிந்தால் இங்கே கடையில் விலை ஏறும். அப்புறம், எங்களுக்குப் பனி இல்லாததால் மழைக்கும் வயலுக்கும் நடுவில் இருப்பது மலைநாட்டுக் காடும் மண்ணும் குளங்களும் மட்டும்தான். காற்று 1 பாகை சூடானால் 7% அளவில் கூடுதல் ஈரத்தைப் பிடிக்கும், மழை வந்தால் கொட்டித் தீர்க்கும், வராத மாதத்தில் குளத்துத் தண்ணீர் கூடுதலாக ஆவியாகும். குளத்தில் சேறு படிந்து கொள்ளளவு குறைந்தால், பனிக்கோடு 150 மீற்றர் ஏறிய மலைக்கு நடந்ததேதான் எங்களுக்கும் நடக்கும், மழை குறையாமலே குளம் சிறுத்துப்போகும்.

பரீட்சைக்குக் கேட்டீர்கள் என்பதால் ஒரு வேலை சொல்கிறேன். கிடையாக ஜனவரி முதல் டிசம்பர் வரை போட்டு, பனி உருகிப் பாய்கிற ஒரு ஆற்றின் ஓட்டத்தை நிலைக்குத்தாக வைத்து ஒரு வரைபு கீறுங்கள். பழைய கோடு ஜூன் மாதத்தில் உச்சம் தொட்டு மெல்ல இறங்கட்டும். புதுக் கோட்டுக்குக் குளிர்காலத்தில் மழையால் இரண்டு மூன்று கூர்முனை வையுங்கள், உச்சத்தை மே மாதத்துக்கு இழுங்கள், ஜூலை, ஆகஸ்டில் பழைய கோட்டுக்கு நன்றாகக் கீழே கொண்டுபோங்கள். அந்த இரண்டு மாதத்தில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் விழுகிற இடத்தைப் பென்சிலால் கறுப்பாக்கி, உள்ளே "பயிர் நிற்கும் காலம்" என்று எழுதிவிடுங்கள்.